சிறிய கடனும் சிறிய சம்பளமும்

2024 மே 1ஆம் தேதி அமெரிக்கக் கல்வித்துறை ஒரு கடன் தள்ளுபடியை அறிவித்தது. ‘தி ஆர்ட் இன்ஸ்டிட்யூட்ஸ்’ என்ற தனியார் கல்லூரிக் குழுமத்தில் 2004 தொடக்கத்திலிருந்து 2017 அக்டோபர் நடுப்பகுதி வரை படித்த ஏறத்தாழ 3,17,000 பேரின் 610 கோடி டாலர் கல்விக் கடன் அன்று ரத்தானது. வடிவமைப்பு, வீடியோ, அனிமேஷன், ஃபேஷன் என்று கலை சார்ந்த தொழில்களுக்கு ஆள் தயாரிப்பதாகச் சொல்லிக்கொண்ட குழுமம் அது. படித்து முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குத் துறை சார்ந்த வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்திருந்தது. உண்மை விகிதம் 57 சதவீதத்துக்கும் கீழே என்று கல்வித்துறை கண்டறிந்தது. சம்பளக் கணக்கிலும் இதே கதைதான். ஃப்ளோரிடா வளாகம் ஒன்று தன் பாடப்பிரிவின் சம்பள விவரத்தில் டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸின் ஆண்டு வருமானத்தையும் சேர்த்திருந்தது.

நூறு பேர் கொண்ட வகுப்பில் ஒருவர் கோடீஸ்வரர் என்றால் சராசரி எங்கோ போய்விடும். மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் வாடகைக்கு அந்தச் சராசரி உதவாது. அதனால்தான் கல்வியின் பலனை அளப்பவர்கள் சராசரியை விட்டு இடைநிலை அளவைப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லோரையும் வருமான வரிசையில் நிற்க வைத்து, நட்டநடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன என்று கேட்கும் முறை அது. செரினா வரிசையில் நின்றாலும் நடுவில் நிற்பவர் மாறப்போவதில்லை.

இந்தக் கட்டுரை அந்த நடு ஆளைப் பற்றியது. பட்டப்படிப்புக்கு நேரமும் பணமும் இல்லாமல், ஒன்பது மாதமோ ஒரு வருடமோ படித்து ஒலிப்பதிவு, வீடியோ எடிட்டிங், வானொலி, டிஜிட்டல் மீடியா என ஏதோ ஒன்றில் சான்றிதழ் வாங்கும் அமெரிக்கர். அவருக்கு அந்தப் படிப்பு கட்டுப்படியாகிறதா? கடனைச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ‘கட்டுப்படியாகிறது’ என்றே பதில் வரும். அந்தப் பதிலை நம்பக்கூடாது என்பதே என் வாதம்.

முதலில் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். 2015 செப்டம்பரில் ஒபாமா அரசு ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற தரவுத்தளத்தைத் திறந்தது. ஆரம்பத்தில் கல்லூரி வாரியாக மட்டுமே வருமானம் தெரிந்தது. 2019இல்தான் பாடப்பிரிவு வாரியாகப் பார்க்க முடிந்தது. இதன் வேலைமுறை எளிமையானது, ஆனால் பலமானது. கூட்டாட்சி அரசின் கல்வி உதவி பெற்றவர் யார், எங்கே, எதைப் படித்து முடித்தார் என்பது கல்வித்துறையிடம் இருக்கிறது. அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது வருமான வரித்துறையிடம் இருக்கிறது. இரண்டையும் பொருத்தி, பெயரை மறைத்து, இடைநிலை அளவை மட்டும் வெளியிடுகிறார்கள். கல்லூரி தன் பழைய மாணவர்களுக்குக் கடிதம் போட்டு, பதில் எழுதியவர்களை மட்டும் எண்ணும் வழக்கத்தைவிட இது பன்மடங்கு நம்பகமானது. சம்பளம் குறைவாக வாங்குபவர் கல்லூரியின் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. ஆனால் வரிப் பதிவேட்டில் அவரும் இருக்கிறார்.

இனி கடன். பெற்றோரைச் சாராத மாணவராகக் கருதப்படும் ஒருவர் முதல் ஆண்டில் கூட்டாட்சி அரசிடம் அதிகபட்சம் 9,500 டாலர் கடன் வாங்கலாம். பெற்றோரைச் சார்ந்தவர் என்றால் 5,500தான். ஏழை மாணவர்களுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டாத ‘பெல்’ உதவித்தொகையும் உண்டு. 2024-25 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். ஆகவே ஓராண்டுச் சான்றிதழில் கூட்டாட்சிக் கடன் பெரும்பாலும் ஐந்து இலக்கத்தை எட்டாது. லட்சம் டாலர் கல்விக் கடன் என்று செய்தித்தாள்களில் அடிபடும் கதைகளுக்குப் பக்கத்தில் இது கைமாற்று போலத் தோன்றும்.

9,500 டாலரை 2024-25இன் வட்டி விகிதமான 6.53 சதவீதத்தில் பத்து ஆண்டுகளில் அடைப்பதாகக் கணக்குப் போட்டால் மாதத் தவணை 108 டாலர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,296. பத்தாண்டு முடிவில் கட்டியிருப்பது ஏறக்குறைய 12,960.

சான்றிதழ்ப் படிப்புகளை அரசு அளக்கும் கோல் ஒன்று உண்டு. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம், லாப நோக்கக் கல்லூரிகளின் ஏறக்குறைய எல்லாப் படிப்புகளும், அரசுக் கல்லூரிகளின் சான்றிதழ்ப் படிப்புகளும் மாணவரை ஒரு தொழிலில் பயன்தரும் வேலைக்குத் தயார் செய்ய வேண்டும் என்கிறது. அப்படித் தயார் செய்தனவா என்று எப்படித் தீர்மானிப்பது? 2023 அக்டோபரில் வெளியாகி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி இரண்டு சோதனைகளை வைத்தது. முதல் சோதனையில், ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினாலும், வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்கு மேல் வரும் வருமானத்தில் 20 சதவீதத்துக்குள் தவணை அடங்கினால் போதும்.

இந்த 8 சதவீதத்தை நம் மாணவருக்குப் பொருத்திப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. 1,296 டாலர் தவணை 8 சதவீதத்துக்குள் அடங்க, ஆண்டுக்கு 16,200 டாலர் சம்பாதித்தால் போதும். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுக்க வேலை பார்ப்பவருக்கு அது மணிக்கு 7 டாலர் 79 சென்ட். அமெரிக்காவின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் 7 டாலர் 25 சென்டிலேயே நிற்கிறது. அதாவது, சட்டப்படி கொடுத்தாக வேண்டிய மிகக் குறைந்த கூலியைவிட 54 சென்ட் கூடுதலாக வாங்கினால், முழுக் கடன் வாங்கிய மாணவரும் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறார். கடன் 8,800 டாலர் என்றால் அந்த 54 சென்டும் தேவையில்லை. பர்கர் கடையில் அடிமட்டக் கூலிக்கு நிற்பவரையும் வெற்றிகரமான மீடியா சான்றிதழ்க்காரராகக் காட்டும் அளவுகோல் இது. படிப்பு தேறியது, படித்தவர் தேறினாரா என்பதை இந்த எண் சொல்லவில்லை.

இதன் காரணம் விகிதம் என்ற கருவியிலேயே இருக்கிறது. மேலே கடன், கீழே வருமானம். கடன் சின்னதாக இருக்கும்போது வருமானம் எவ்வளவு சரிந்தாலும் விகிதம் ஒழுங்காகவே தெரியும். நான்காண்டுப் பட்டத்துக்கோ முதுகலைக்கோ இந்தக் கருவி நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே கடன் பெரிது. 2021 ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட புலனாய்வு இதே ஸ்கோர்கார்டு எண்களை வைத்துத்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் திரைப்பட முதுகலையை அம்பலப்படுத்தியது. கூட்டாட்சிக் கடன் வாங்கிப் படித்து முடித்தவர்களின் இடைநிலைக் கடன் 1,81,000 டாலர்; இரண்டாண்டு கழித்து அவர்களில் பாதிப்பேரின் ஆண்டு வருமானம் 30,000க்கும் கீழே. அந்த எண்ணைப் பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் அதே 30,000 வருமானத்தை 9,500 டாலர் கடனுக்குக் கீழே வைத்தால் விகிதம் 4.3 சதவீதம். யாரும் கட்டுரை எழுத மாட்டார்கள்.

சரி, கடன்தான் சின்னதாயிற்றே, என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெடுகிறது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2015இல் வெளியிட்ட கணக்கு ஒன்று பலரின் நினைப்பைப் புரட்டிப்போட்டது. 2009இல் படிப்பை விட்டு வெளியேறியவர்களில், 5,000 டாலருக்கும் குறைவாகக் கடன் வைத்திருந்தவர்களில் 34 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குள் கடன் தவறியவர்கள் பட்டியலில் விழுந்தார்கள். 1,00,000 டாலருக்கு மேல் கடன் வைத்திருந்தவர்களில் விழுந்தவர்கள் 18 சதவீதம். பெரிய கடன்காரர்களில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். சின்னக் கடன்காரர்களில் படிப்பைப் பாதியில் விட்டவர்களும், முடித்தும் சம்பளம் உயராதவர்களும் இருக்கிறார்கள். கடனைத் திருப்பும் சக்தி கடனின் அளவில் இல்லை, வருமானத்தில் இருக்கிறது. கொரோனா காலத்தில் நிறுத்தி வைத்திருந்த கட்டாய வசூலை அமெரிக்க அரசு 2025 மே 5 முதல் மீண்டும் தொடங்கியது. கடன் தவறியவருக்கு வர வேண்டிய வருமான வரித் திருப்பத்தொகையை அரசு சட்டப்படி பிடித்துக்கொள்ளலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அந்தத் திருப்பத்தொகைதான் பல நேரம் ஆண்டின் ஒரே மொத்தப் பணம். கார் பழுது பார்ப்பதும் பல் மருத்துவரிடம் போவதும் அதை நம்பித்தான்.

2023 விதியின் இரண்டாவது சோதனையே இந்தப் படிப்புகளுக்குச் சரியான கேள்வியைக் கேட்கிறது. படித்து முடித்தவரின் இடைநிலை வருமானம், அதே மாநிலத்தில் 25 முதல் 34 வயதுக்குள் பள்ளிப் படிப்போடு நின்றவரின் இடைநிலை வருமானத்தைத் தாண்டுகிறதா? அதாவது, இந்தச் சான்றிதழ் இல்லாமலே சம்பாதித்திருக்கக் கூடியதைவிட அதிகம் கிடைக்கிறதா? தாண்டவில்லை என்றால் கடன் ஐநூறு டாலராக இருந்தாலும் அது வீண்கடன்தான்.

மீடியா சான்றிதழுக்கு இந்தக் கேள்வி ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்க வானொலிப் பள்ளிகள் ஒரு காலத்தில் உரிமத்துக்கு ஆள் தயாரித்தன. ஒலிபரப்புக் கருவியின் அளவீடுகளைக் குறித்து வைக்கும் அறிவிப்பாளருக்குக்கூட மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தின் மூன்றாம் வகுப்பு அனுமதி வேண்டியிருந்தது. சக்தி வாய்ந்த நிலையங்களை இயக்கப் பொறுப்பேற்பவருக்கு முதல் வகுப்பு உரிமம் தேவை. அந்தத் தேர்வுக்கென்றே சில வாரங்களில் மூச்சுமுட்டப் பாடம் நடத்தும் பள்ளிகள் பல ஊர்களில் இருந்தன. உரிமம் கையில் இல்லாதவரை நிலையம் அந்த வேலைக்கு எடுக்க முடியாது. அதனால் படிப்புக்கும் வேலைக்கும் நடுவே சட்டம் போட்ட பாலம் ஒன்று இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஆணையம் அந்தத் தேவையைக் கைவிட்டது. பள்ளிகள் தொடர்ந்தன, சான்றிதழும் தொடர்ந்தது, ஆனால் அதை வைத்திருப்பவரைத்தான் எடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் போய்விட்டது.

செவிலியர் உதவியாளருக்கும் லாரி ஓட்டுநருக்கும் குறுகிய காலப் படிப்பு கைகொடுக்கிறது என்றால், அந்த வேலைகளின் வாசலில் இன்றும் உரிமம் நிற்கிறது என்பது ஒரு முக்கியக் காரணம். மீடியாவின் வாசலில் அப்படி எதுவும் இல்லை. எடிட்டிங் மென்பொருளை வீட்டில் பழகியவரும், நான்காண்டு இதழியல் பட்டம் வாங்கியவரும், சான்றிதழ்க்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வேலை கொடுப்பவர் கேட்பது இதுவரை செய்த வேலையின் மாதிரியை. சான்றிதழை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

வேலைகளும் சுருங்கின. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதற்கு முன் அந்த வரம்பு நாற்பது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஒரே அறிவிப்பாளர் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து பல ஊர்களுக்கான நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பும் முறை பரவியது. சின்ன ஊரின் நள்ளிரவு நிகழ்ச்சியில்தான் புதியவர்கள் தொழில் பழகுவார்கள். கதவு மூடியது அங்கேதான். செய்தித்துறையில் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2008இல் 1,14,000ஆக இருந்த செய்தியறை ஊழியர் எண்ணிக்கை 2020இல் 85,000ஆகக் குறைந்தது. நாளிதழ்களில் மட்டும் 71,000 பேர் 31,000 ஆனார்கள். இணையச் செய்தி நிறுவனங்கள் வளர்ந்தன என்பது உண்மைதான், ஆனால் நாளிதழ்கள் இழந்ததில் கால்பங்கைத்தான் அவை ஈடுகட்டின. இப்படி வேலை இழந்த அனுபவசாலிகளோடுதான் புதிய சான்றிதழ்க்காரர் போட்டியிட வேண்டும்.

இந்த இடத்தில் கல்லூரி விளம்பரங்களின் வழக்கமான உத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் 2023 மே மாதக் கணக்கில் செய்தியாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 57,500 டாலர் என்றது. இந்த எண்ணை எடுத்துச் சான்றிதழ்ப் படிப்பின் பக்கத்தில் ஒட்டினால் பொய் சொன்னதாகாது. ஆனால் படிப்பவர் ஏமாறுவார். அந்த எண்ணில் இருப்பவர்கள் ஏற்கெனவே செய்தியாளர் வேலையில் இருப்பவர்கள், பலர் இருபதாண்டு அனுபவத்தோடு. அந்த வேலைக்கு வழக்கமான நுழைவுத் தகுதி இளங்கலைப் பட்டம் என்று அதே பணியகம் சொல்கிறது. முயன்று கிடைக்காமல் காப்பிக் கடைக்குப் போனவர் அந்த எண்ணில் இல்லை. அவர் வேறொரு தொழிலின் கணக்கில் இருக்கிறார். தொழிலின் சம்பளம் வேறு, படிப்பின் சம்பளம் வேறு.

அதே பணியகத்தின் பட்டியலில் நம்பிக்கை தரும் ஓர் இடமும் உண்டு. ஒலி-ஒளித் தொழில்நுட்பர், ஒலிப்பதிவுத் தொழில்நுட்பர் ஆகிய வேலைகளுக்கு வழக்கமான நுழைவுத் தகுதி பட்டத்துக்குக் கீழான சான்றிதழ்தான். பெரிய ஹோட்டலின் கருத்தரங்கக் கூடத்தில் காலை ஆறு மணிக்குப் போய், கேபிளைத் தரையோடு டேப் போட்டு ஒட்டி, பேசுபவரின் சட்டைக் காலரில் மைக் மாட்டி, மிக்ஸர் முன் உட்கார்ந்து விசில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை. தேவாலயங்கள், பல்கலைக்கழக அரங்குகள், விளையாட்டு மைதானங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆள் வேண்டும். விளம்பரப் படத்தில் இவர் இருக்க மாட்டார்; அங்கே கேமரா முன் சிரிக்கும் முகமே இருக்கும். ஆனால் சான்றிதழ் தன் காசுக்கு வேலை செய்வது இந்த மிக்ஸரின் முன்னால்தான் என்று நினைக்கிறேன். ‘மீடியா மற்றும் தகவல் தொடர்பு’ என்ற ஒரே பெயருக்குள் இந்த இரண்டு படிப்புகளும் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்று கருவியைக் கையாளக் கற்றுத் தருகிறது. மற்றது பட்டதாரிகளோடு போட்டி போட அரைகுறையாக அனுப்பிவைக்கிறது.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அந்தோணி கார்னவாலேயின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை எல்லாத் துறைச் சான்றிதழ்களுக்கும் சேர்த்துக் காட்டியது. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பள்ளிப் படிப்போடு நின்றவர்களைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். ஆண்களுக்கு 27, பெண்களுக்கு 16. ஆனால் படித்த துறையிலேயே வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 44 சதவீதம்தான். அவர்கள் வேறு துறைக்குப் போனவர்களைவிட 37 சதவீதம் அதிகம் வாங்கினார்கள். பலன் முழுக்க அந்தத் துறைக்குள் நுழைவதில் இருக்கிறது என்பதே இதற்குப் பொருள். நுழையாதவருக்குச் சான்றிதழ் ஏறக்குறையச் சுவரில் மாட்டும் படம்.

எங்கே படிப்பது என்பதும் கணக்கை மாற்றுகிறது. ஸ்டெஃபனி செல்லினியும் நிக்கலஸ் டர்னரும் 2019இல் பதிப்பித்த ஆய்வில், வரித்துறைப் பதிவுகளை வைத்து லாப நோக்கக் கல்லூரிகளின் சான்றிதழ் மாணவர்களை அரசுச் சமுதாயக் கல்லூரி மாணவர்களோடு ஒப்பிட்டார்கள். லாப நோக்கக் கல்லூரியில் கட்டணம் பல மடங்கு, கடனும் அதிகம், வருமான உயர்வோ சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜ் போன்ற இடத்தில் முப்பது யூனிட் சினிமா, தொலைக்காட்சிப் பாடம் படிக்க 1,380 டாலர். வருமானம் குறைந்தவருக்கு அதுவும் தள்ளுபடி. ஹாலிவுட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கல்லூரியில் இந்தக் கட்டணம் என்றால், வேறோர் ஊரில் பதினைந்தாயிரம் கேட்பவரிடம் கூடுதல் பதின்மூன்றாயிரம் எதற்கு என்று கேட்டாக வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்க, மாணவருக்கு வரும் உதவித்தொகைக் கடிதமாவது தெளிவாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இல்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2022 டிசம்பரில் சொன்னது: 91 சதவீதக் கல்லூரிகளின் கடிதத்தில், மாணவர் கடைசியில் கையிலிருந்து போட வேண்டிய தொகை குறிப்பிடப்படவே இல்லை, அல்லது குறைத்துக் காட்டப்பட்டிருந்தது. உதவித்தொகையையும் கடனையும் ஒரே பத்தியில் போட்டு மொத்தமாகக் கூட்டி ‘உங்களுக்குக் கிடைத்த உதவி’ என்று எழுதும் கடிதங்கள் உண்டு. கடனை உதவி என்று எழுதுவது எந்த மொழியிலும் நேர்மை ஆகாது.

ஸ்கோர்கார்டு எண்களை வாசிக்கும்போதும் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் தனிநபர் ரகசியம் காக்க எண்ணை மறைத்துவிடுவார்கள். மீடியா சான்றிதழ் வகுப்புகள் பல சிறியவை, அதனால் கட்டம் காலியாகவே இருக்கும். வேலையே இல்லாதவர் வருமானக் கணக்கில் வருவதில்லை. ஆகவே எண் சற்று அழகாகத் தெரியும். மேற்படிப்பில் சேர்ந்துவிட்டவரும் வருவதில்லை. சான்றிதழைப் பட்டத்துக்கு ஏணியாகப் பயன்படுத்திய கெட்டிக்காரர் இதனால் விடுபடுகிறார். தனியாகத் தொழில் செய்பவரின் வருமானம் அவர் வரித்துறைக்குக் காட்டிய அளவுக்குத்தான் தெரியும்; மீடியாவில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். 2023இல் எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தபோது கேமரா, ஒலி, எடிட்டிங் ஆட்களுக்கும் வேலை நின்றது. அந்த ஆண்டு அளந்த வருமானம் மற்ற ஆண்டுகளைப் பேசாது.

நம் வாசகர்களுக்கு இன்னொன்று. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாணவர் விசாவில் அங்கே போகிறவர்கள் கூட்டாட்சி உதவி பெற முடியாது. ஆகவே அவர்களில் ஒருவர்கூட அந்த வருமான எண்களில் இல்லை. அவர்களுடைய கடன் ஊர் வங்கியில், ஊர் வட்டியில், பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தின் மேல். வேலை செய்யும் உரிமையோ விசாவுக்குக் கட்டுப்பட்டது. அமெரிக்கரின் இடைநிலைச் சம்பளத்தைப் பார்த்து இங்கே கடன் வாங்குவது ஆபத்தானது.

சான்றிதழ்ப் படிப்புகளை அளக்கும் அரசின் விதிகளோ ஆட்சிக்கு ஆட்சி மாறின. 2011இல் எழுதிய விதியின் முக்கியப் பகுதிகளை 2012இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2014இல் புதிதாக எழுதினார்கள். 2017 ஜனவரியில் முதல் முடிவுகள் வந்தபோது 800க்கும் மேற்பட்ட படிப்புகள் தோற்றன. அவற்றில் 98 சதவீதம் லாப நோக்கக் கல்லூரிகளுடையவை. யாரும் தண்டிக்கப்படும் முன்பே 2019இல் அந்த விதி கைவிடப்பட்டது. 2023இல் திரும்ப வந்தது. 2025 ஜூலை 4இல் கையெழுத்தான பெரும் வரிச் சட்டம் வருமானச் சோதனையைச் சட்டமாகவே ஆக்கியது. பட்டப்படிப்புகளுக்கும் முதுநிலைச் சான்றிதழ்களுக்கும் அது பொருந்தும். இளநிலைச் சான்றிதழ்களைச் சட்டம் விட்டுவிட்டது. அவற்றின் காவல் மறுபடியும் துறை எழுதும் விதியின் கையில். மிக ஏழ்மையான மாணவர்கள் சேரும் படிப்புக்கு மிகப் பலவீனமான பாதுகாப்பு என்பது எனக்குக் கோபம் தருகிறது.

ஆகவே கணக்கை மாணவரே போட வேண்டியிருக்கிறது. மணிக்கு 15 டாலருக்குக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 36 வாரங்களும் வாரத்துக்கு 20 மணி நேர வேலையை விடுகிறார். இழந்த கூலி 10,800 டாலர். கடன் கடிதத்தில் இந்தத் தொகை இருக்காது, ஆனால் கடனைவிட இது பெரிது. 9,500 கடனுக்குப் பத்தாண்டில் கட்டுவது 12,960. இரண்டும் சேர்ந்து 23,760. பத்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 2,376. முழுநேர வேலைக்கு மணிக்கு 1 டாலர் 14 சென்ட். வரி போகக் கணக்கிட்டால் ஒன்றரை டாலர். அதாவது, சான்றிதழ் வாங்கியபின் பத்தாண்டும் மணிக்குப் பதினாறரை டாலருக்கு மேல் வாங்கினால்தான் போட்ட பணம் திரும்பும். அதுவும், கடையிலேயே இருந்திருந்தால் அந்தப் பதினைந்து உயராமல் நின்றிருக்கும் என்று வைத்துக்கொண்டு. சமுதாயக் கல்லூரியில் 1,380 கட்டிக் கடனில்லாமல் படித்தவருக்கு அதே கணக்கில் மணிக்கு ஏறத்தாழ எழுபத்தேழு சென்ட் உயர்வு போதும்.

ஒன்றரை டாலர் பெரிய உயரம் இல்லை. மிக்ஸர் முன் உட்கார இடம் கிடைத்தவர் முதல் ஆண்டிலேயே தாண்டிவிடுவார். கிடைக்காதவர் பதினைந்து டாலருக்கே திரும்பி, மாதம் 108 டாலர் கட்டிக்கொண்டிருப்பார். ஆகவே கல்லூரியிடம் கேட்க வேண்டியது, போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் இந்தத் துறையில் இருக்கிறார்கள் என்பதுதான். ‘வேலையில் இருப்பவர்’ என்று யாரை எண்ணுகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2015இல் மூடப்பட்ட கொரிந்தியன் கல்லூரிகள் மீது நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2014 செப்டம்பரில் தொடுத்த வழக்கில், இரண்டாம் நாளும் உண்டு என்ற வாக்குறுதியோடு ஒரே ஒரு நாள் நீடித்த வேலையையும் அந்தக் குழுமம் தொழில்வாழ்க்கை என்று எண்ணியதாகக் குற்றம்சாட்டியது. கல்லூரி பதில் சொல்லாவிட்டால், ஊரில் ஹோட்டல்களுக்கு ஒலி-ஒளி வேலை எடுத்துச் செய்யும் நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு, இந்தப் பள்ளியிலிருந்து கடைசியாக யாரை, எவ்வளவு சம்பளத்துக்கு எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம்.